கண்டிக் காவலில் ஒரு குருவானவர்



வருடந்தோறும் சனவரி 16ஆம் திகதி புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் திருநாளைக் கொண்டாடுகிறோம். அவருடைய சுரூபத்துக்கு மாலை சூட்டுகிறோம். பிள்ளைகளுக்கு மழை பெய்த கதையைச் சொல்லிக் கொடுக்கிறோம். மழைக் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த மழைக்கு முந்திய நான்கு வருடங்கள் அவர் கண்டியில் எப்படி இருந்தார் என்று கேட்டுப்பாருங்கள்; பதில் சொல்லுகிறவர்கள் குறைவு. அவர் அரசனின் காவலில் இருந்தார். திருடியதற்காகவோ, ஒருவரைக் காயப்படுத்தியதற்காகவோ அல்ல. அவர் ஓர் அந்நியர். எதிரியின் ஒற்றராக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் எழுந்தது. அவ்வளவுதான். இந்த வாரம் அந்த நான்கு வருடங்களைப் பற்றியே உங்களுடன் பேச விரும்புகிறேன்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் கோவா நாட்டில் பெனாவுலிம் என்ற ஊரிலே, தாயாரின் வீட்டில் பிறந்தார். தந்தை கிறிஸ்தோவாவ் வாஸ். தாய் மரிய மிராண்டா. கொங்கணி பேசும் குடும்பம். 1676இல் குருப்பட்டம் பெற்றார். மறு வருடம் தம்மைத் தேவதாயாரின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். அடிமைச் சாசனம் என்பது அந்நாட்களில் வெறும் பக்திச் சொல் அல்ல. மனிதரை விற்று வாங்கிய காலம் அது. கன்னட நாட்டில் சில வருடம் உழைத்துவிட்டுக் கோவாவுக்குத் திரும்பிய அவர், 1685இல் ஒரத்தோரியன் சபை முறைப்படி வாழத் தொடங்கிய சுதேச குருக்களோடு சேர்ந்து, விரைவில் அவர்களுக்குத் தலைவரானார். ஆனால் அவர் மனம் கோவாவில் தங்கவில்லை. இலங்கையிலிருந்து வந்த செய்திகள் அவரை உறங்கவிடவில்லை.

என்ன செய்திகள்? 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் விழுந்தது. அதன்பின் கரையோரம் முழுவதும் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. குருவானவருக்கு இடம் கொடுத்தவர்களுக்கும் தண்டனை. ஏறத்தாழ முப்பது வருடம் நம் முன்னோர் பூசை காணாமல், பாவசங்கீர்த்தனம் செய்ய ஒருவரில்லாமல், செபமாலையை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் செபங்களை வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துத் திருமறையைக் காத்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

அடிகளார் இலங்கைக்குள் வந்த விதத்தைச் சற்றுக் கவனியுங்கள். 1687இல், குருவுடையைக் களைந்துவிட்டு, கூலியாளைப்போல வேடமிட்டு, தூத்துக்குடிப் பக்கமிருந்து தோணியேறினார். கூட வந்தவர் யோவான் என்ற ஊழியர் ஒருவரே. ஒல்லாந்த அதிகாரிகளிடம் அவர் அனுமதி கேட்கவில்லை, கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. கடல் கொந்தளிப்பிலே அலைக்கழிந்து, யாழ்ப்பாணத்தை அடைந்தபோது கடுமையான வயிற்றோட்டத்தால் நடக்கவும் முடியாதிருந்தார். ஊர் பேர் தெரியாத அந்த நோயாளிக்கு ஏழைச் சனங்கள் கஞ்சி கொடுத்தார்கள் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். இன்றைய அலுவலகப் பாஷையில் சொல்வதானால், நம் புனிதர் சட்டவிரோதமாகத் தோணியில் வந்திறங்கிய வெளிநாட்டவர். இதைச் சொல்வதற்கு நான் வெட்கப்படவில்லை. நீங்களும் வெட்கப்படத் தேவையில்லை.

உடல் தேறியதும் கழுத்திலே செபமாலையைப் போட்டுக்கொண்டு பிச்சைக்காரரைப்போல வீடுவீடாகச் சென்றார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டின் முகம் மலருகிறதோ அந்த வீடு நம்மவர் வீடு என்று அறிந்துகொண்டார். சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தார்கள். 1689ஆம் வருடக் கிறிஸ்து பிறப்பு இராத்திரியில் பூசைக்குக் கூடிய மக்கள்மீது ஒல்லாந்தச் சேவகர் பாய்ந்தார்கள். அடிகளார் தப்பினார்; ஆனால் பலர் பிடிபட்டு, சவுக்கடியும் கடூழியமும் அனுபவித்தார்கள். தம்மை மறைத்ததற்காக மற்றவர்கள் விலங்கு பூண்டார்கள் என்பது அவர் மனதை எப்படி அறுத்திருக்கும்! அங்கே மேலும் இருந்தால் இன்னும் பலர் துன்பப்படுவார்கள் என்று கண்டு, புத்தளத்துக்குப் போனார். புத்தளம் கண்டியரசனின் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கிருந்துதான் மலைநாட்டின்மேல் அவர் பார்வை திரும்பியது.

இனி நாம் கண்டிக்கு வருவோம். இன்று கண்டிக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வாவியை. அடிகளாரின் காலத்தில் அந்த வாவி இல்லை. அது நூறு வருடத்துக்குப் பின், கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் கட்டுவித்தது. அன்று அங்கே வயல்தான். மூன்று பக்கமும் மகாவலி வளைந்தோட, அப்பால் காடும் மலையும். வழிகளிலெல்லாம் முள்ளாலான கடவைகளும் காவற்காரர்களும். அரசமனையிலிருந்து அடையாளம் பெறாமல் ஒருவர் போகவும் வரவும் முடியாது. அந்த அடையாளம் கடதாசியில் அல்ல, களிமண்ணில் பதித்த முத்திரை. போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய மனிதனின் உருவம். கூலியாளுக்குக் காவுதடி சுமக்கும் மனிதனின் உருவம். வெள்ளைக்காரனுக்கு, இடுப்பில் வாளும் தலையில் தொப்பியும் உள்ள மனிதனின் உருவம். வாசிக்கத் தெரியாத காவற்காரனும் பார்த்தவுடனே தெரிந்துகொள்ளலாம். கடவுச்சீட்டு நம் நாட்டுக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொல்லுகிறேன்.

இந்த விபரத்தை எழுதி வைத்தவர் ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். 1660இல் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கொட்டியாரத்தில் தகப்பனோடும் கப்பலாட்களோடும் பிடிபட்டு, இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சியில் பத்தொன்பது வருடம் கண்டி நாட்டில் வைக்கப்பட்டார். சுவரில்லை, விலங்கில்லை. ஊருக்கு ஒருவராகப் பிரித்துவிட்டு, அந்தந்த ஊரார் சோறு கொடுக்க வேண்டுமென்பது அரச கட்டளை. போகமட்டும் முடியாது. தகப்பன் மறு வருடமே காய்ச்சலில் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்தும் காலம் தள்ளி, 1679இல் ஒரு துணையோடு காடு வழியாக ஓடி அரிப்புக் கோட்டையை அடைந்தார். இப்படித் தடுத்து வைக்கப்பட்ட அந்நியர் அவர் ஒருவரல்லர். ஆங்கிலேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், போரில் பிடிபட்ட போர்த்துக்கேயர் எனப் பலர் இருந்தார்கள். அந்தப் போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள்தான் மாத்தளைப் பக்கத்து வகாக்கோட்டையில் இன்றும் நம் மறையில் நிலைத்து நிற்கிறவர்கள்.

இத்தகைய நாட்டுக்குள் 1692இல் யோசேவ் வாஸ் அடிகளார் போனார். அந்தோனியோ சொத்தமாயோர் என்ற கத்தோலிக்கர் வழித்துணையாக வந்தார். யோவானும் கூட இருந்தார். ஆனால் இவர்களை முந்திக்கொண்டு ஒரு சொல் அரசனின் காதுக்கு எட்டியது. வருகிறவன் குருவல்ல, போர்த்துக்கேயரின் ஒற்றன் என்பதே அந்தச் சொல். சொன்னவர் லனரோல் என்ற பிரெஞ்சுக்காரர், கல்வீன் மதத்தைச் சேர்ந்தவர்.

வாசகர்களே, இந்த லனரோல் யார் என்று தெரிந்துகொண்டால் நீங்கள் வியப்பீர்கள். 1672இல் பிரெஞ்சுக் கடற்படை திருகோணமலைக்கு வந்தபோது அரசனிடம் தூதுவராக அனுப்பப்பட்டவர் அவர். அரசவை ஆசாரத்தை மதியாமல் நடந்து, அரசனின் கோபத்துக்காளாகித் தடுத்து வைக்கப்பட்டவர். அடிகளார் வந்த நேரத்தில் அவர் இருபது வருடமாகக் கண்டியில் அந்நியராகவே இருந்தவர்! தடுப்பின் துன்பத்தை அனுபவித்தவர், புதிதாக வந்த இன்னொரு அந்நியரைக் காட்டிக்கொடுத்தார். மதப் பகைதான் காரணம் என்று பொதுவாக எழுதுவார்கள். எனக்கு அது மட்டும் போதுமான காரணமாகத் தோன்றவில்லை. பல வருடம் சந்தேகத்தின் நிழலில் வாழ்ந்தவன், சந்தேகத்தை வேறொருவன்மேல் திருப்பிவிட்டால் தனக்குச் சற்று இளைப்பாறல் கிடைக்கும் என்று நினைப்பதுண்டு. அகதி முகாம்களில் வாழ்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடிகளார், யோவான், சொத்தமாயோர் மூவரும் காவலில் வைக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் காவல் கடுமை. கண்டியில் கத்தோலிக்கர் பலர் இருந்தும் கிட்ட நெருங்க ஒருவருக்கும் துணிவில்லை. ஒற்றனோடு பேசுகிறவனும் ஒற்றன் என்று ஆகிவிடுமல்லவா? இத்தனை வருடம் காத்திருந்து, ஒரு குருவானவர் தங்கள் பட்டணத்துக்கே வந்திருக்கிறார் என்று அறிந்தும், தூரத்தில் நின்றே பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

அவருக்குத் தீர்ப்பு இல்லை. இத்தனை வருடம் என்ற கணக்கும் இல்லை. இதைச் சற்று நின்று யோசியுங்கள். குற்றம் செய்து தண்டனை பெற்றவன் விடுதலை நாளை எண்ணிக்கொண்டிருக்கலாம். தடுத்து வைக்கப்பட்ட அந்நியனுக்கு எண்ணுவதற்கு நாளே இல்லை. நாளைக்காகவும் இருக்கலாம், நொக்ஸைப்போலப் பத்தொன்பது வருடமாகவும் இருக்கலாம். அடிகளார் அந்தக் காலத்தை என்ன செய்தார்? சிங்களம் படித்தார். யாழ்ப்பாணத்தில் தமிழைக் கற்றதுபோலவே, கண்டியின் காவலில் அந்நாட்டு மக்களின் மொழியைக் கற்றார். செபித்தார். காவற்காரர்களுக்கு மரியாதையாக நடந்தார். இவர் ஒற்று வேலை எதுவும் செய்யவில்லை, செபிப்பதையே வேலையாக வைத்திருக்கிறார் என்று அரசனுக்குத் தகவல் போனது. காவல் சற்றுத் தளர்ந்தது. அதே வளவில் ஓலையால் ஒரு குடிலைப் போட்டு, அதில் பீடம் அமைத்துப் பூசை செய்தார்.

அப்போதுதான் வந்தார்கள். முதலில் இருட்டியபின், ஒருவர் இருவராக. பிறகு பகலிலும் வந்தார்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பல வருடமாக ஆசீர்வாதம் பெறாத கலியாணங்களோடு வந்தார்கள். கண்டிப் பட்டணத்தின் அந்தச் சபை மீண்டும் உயிர்பெற்றது ஓர் அந்நியனின் தடுப்புக் காவலில். காவலிலிருந்தவரைப் பார்க்கப் போனவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்கள் போகாதிருந்தால் அடிகளாரின் மறைப்பணி அந்த வளவுக்குள்ளேயே முடிந்திருக்கும்.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, நம் காலத்துக்கு வருகிறேன். இன்றும் நம் நாட்டில் அந்நியர் தடுத்து வைக்கப்படுகிறார்கள். 2017 ஏப்பிரலில் காங்கேசன்துறைக் கடலில் ரோஹிங்கியா மக்கள் சிலர் குழந்தைகளோடு பிடிபட்டு மிரிஹானைத் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார்கள். பின்னர் கல்கிசையில் ஒரு வீட்டில் ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனத்தின் பராமரிப்பில் இருந்தபோது, அவ்வருடம் செப்டம்பரில் ஒரு கும்பல் அந்த வீட்டை முற்றுகையிட்டது. அவர்களைப் பூசாவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் நூறு பேருக்கு மேல் ஒரு படகில் வந்தபோது, முதலில் உணவும் தண்ணீரும் கொடுத்தவர்கள் முள்ளிவாய்க்கால் கரையின் மீனவர்கள். பிறகு அந்த மக்கள் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைக்கப்பட்டார்கள். அவர்கள் வந்த நாடு பழைய அரக்கான். வேறொரு செய்தியும் இத்தோடு நினைவுக்கு வருகிறது: நம் அடிகளாரைக் காவலில் வைத்த அதே இரண்டாம் விமலதர்மசூரிய அரசன், 1697இல் பௌத்த குருப்பட்டத்தை மீட்பதற்காகப் பிக்குமாரைக் கப்பலில் வரவழைத்ததும் அரக்கானிலிருந்துதான். அவர்களைக் கண்டிக்கருகே கெட்டம்பேயில் மகாவலிக் கரையில் மரியாதையோடு வரவேற்றான்.

நம் பிள்ளைகளும் கடல் கடந்து சென்று இதே நிலையில் இருந்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் பிலோயெலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் அதிகாலையில் பிடித்துச் சென்றார்கள். 2019இல் கிறிஸ்மஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர் மக்கள் விடவில்லை. எழுதினார்கள், பேசினார்கள், பிள்ளைகளை விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். 2022 யூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஊராரில் பெரும்பாலோர் தமிழரல்லர்.

தடுப்பில் உள்ளவரைப் பார்க்கப் போவது எப்படி என்று சிலர் கேட்பதுண்டு. பெரிய வித்தை ஒன்றுமில்லை. 1980 நவம்பரில், வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பியோடிய மக்களின் அவலத்தைக் கண்டு, இயேசு சபைத் தலைவர் பேதுரு அருப்பே அடிகளார் அகதிகளுக்கான ஒரு பணியை ஆரம்பித்தார். அதைச் சேர்ந்தவர்களும், பல நாடுகளில் பங்கு மக்களும், இந்த வேலையைச் செய்து வருகிறார்கள். முன்கூட்டி அனுமதி கேட்டு, வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, கொண்டுபோகும் பொருளைச் சோதிக்கக் கொடுத்து, சொன்ன நேரத்துக்கு உள்ளே போய் உட்கார வேண்டும். சவர்க்காரம், பற்பசை, உள்ளாடை, அவர் மொழியில் ஒரு புத்தகம், இவை போதும். அவர் பேசினால் கேட்க வேண்டும். பேசாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். வழக்குப் பற்றித் துருவித் துருவிக் கேட்கக்கூடாது. விடுதலை வாங்கித் தருவேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. அது நம் கையில் இல்லை. வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்ப, ஒரு வழக்கறிஞரின் இலக்கத்தைக் கண்டுபிடிக்க உதவலாம். எல்லாவற்றிலும் மேலாக, அடுத்த வாரம் வருவேன் என்று சொன்னால் அடுத்த வாரம் போக வேண்டும். ஒருமுறை போய்ப் படம் எடுக்க ஆசைப்பட்டு, மறுமுறை போகாதவர்கள் போகாமலே இருந்திருக்கலாம். மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் அந்நியனும் சிறைப்பட்டவனும் தனித்தனியாகச் சொல்லப்படுகிறார்கள். தடுத்து வைக்கப்பட்ட அந்நியனிடம் இருவரும் ஒருவராகவே இருக்கிறார்கள்.

சரி, கண்டிக்குத் திரும்புவோம். 1696இல் நாட்டில் கொடிய வறட்சி. மழைக்காக எல்லா வேண்டுதல்களும் செய்தும் பயனில்லை. அரசன் அடிகளாரையும் செபிக்கச் சொன்னான். அவர் வெளியில் ஒரு பீடத்தை அமைத்துச் சிலுவையை வைத்து முழந்தாளிட்டார். மழை கொட்டியது, பீடம் மட்டும் நனையவில்லை என்று பழைய சரித்திரங்கள் கூறுகின்றன. அரசன் அவருக்குச் சுதந்திரமாக நடமாட அனுமதி கொடுத்தான்.

விடுதலை கிடைத்தவர் என்ன செய்வார்? நீங்களும் நானும் என்றால் முதற் கப்பலில் வீடு திரும்புவோம். அடிகளார் வேடமிட்டு ஒல்லாந்தரின் ஆட்சிக்குட்பட்ட கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் போய்ப் பணியாற்றிவிட்டு, மறுபடியும் கண்டிக்கே வந்தார். 1697இல் கண்டியில் வைசூரி பரவியது. அரசன் பட்டணத்தைவிட்டு அகன்றான். நோய் கண்டவர்களை வீட்டார் காட்டிலே கொண்டுபோய் விட்டார்கள். வனவிலங்குக்கும் மழைக்கும் நடுவே கிடந்த அந்த மக்களை அடிகளாரும், அவருடைய உறவினரான யோசேவ் கர்வாலியோ அடிகளாரும் தேடித் தேடிப் போனார்கள். குடிசை போட்டுக் கிடத்தினார்கள், புண்ணைக் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள், இறந்தவர்களைத் தாங்களே குழிவெட்டிப் புதைத்தார்கள். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. மழை அற்புதத்தைவிட இதுவே பெரிது என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்தில் பெயர் தெரியாத நோயாளியாகக் கிடந்தபோது தாம் வாங்கிக் குடித்த கஞ்சி அவருக்கு நினைவிருந்திருக்கும். அரசனுக்கிருந்த கடைசிச் சந்தேகமும் அந்த வருடத்தோடு போயிற்று.

பின்னர் கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றி அழியாப் புகழ்பெற்றார். பாப்பரசரின் பிரதிநிதியாக இந்தியாவுக்கு வந்த தூர்னோன் ஆண்டகை, யோசேவ் வாஸ் அடிகளாரை இலங்கைக்கு மேற்றிராணியாராக்க விரும்பியபோது அவர் மறுத்துவிட்டார். 1707இல் விமலதர்மசூரியன் இறந்து, நரேந்திரசிங்கன் அரசனானான். அவனும் குருக்களுக்கு ஆதரவாயிருந்தான்.

1711 சனவரி 16ஆம் நாள் நள்ளிரவில், அறுபது வயது நிறையுமுன்னே, அடிகளார் கண்டியில் உயிர்துறந்தார். 1995 சனவரி 21இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தினார். அன்று அங்கே கூடியவர்களில் நம் வாசகர்கள் பலரும் இருந்திருப்பீர்கள்.

கோவாவைவிட்டுப் புறப்பட்ட பிறகு அவர் தம் ஊரை மறுபடி காணவில்லை. கண்டியில் அவர் கட்டிய கோவிலிலேயே அவரைப் புதைத்தார்கள். பின்வந்த காலங்களில் அந்தக் கோவில் அழிந்தது. இந்தக் கல்லின்கீழ் இருக்கிறார் என்று காட்ட இன்று ஓர் இடமில்லை. கண்டி மண்ணில்தான் எங்கேயோ இருக்கிறார்.